கேத்தியில் விழுந்த கல்

"யாரோ என் கல்லைக் கெடுத்துட்டாங்க, சார்!" என்றபடியே விஞ்ஞானி ஐவி உள்ளே வந்தாள். காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றும் குன்னூரில் துப்பறிவதை விடாத மாரப்பன், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கல் என்றால் விண்கல். கேத்தியில் ஒரு காரட் தோட்டத்தில் விழுந்தது. அதன் விரிசலுக்குள் நுண்ணுயிர்களைப் பார்த்த நாளிலிருந்து ஐவிக்குத் தூக்கமில்லை. பூமிக்கு வெளியிலும் உயிர் உண்டு என்று பெங்களூரில் அறிவிக்க நாளும் குறித்தாயிற்று. அதற்குள் வெளியூர்ச் சோதனைக்கூடம் போட்டு உடைத்துவிட்டது: அவை தயிர்க் கிருமிகளாம்!

"என் உதவியாளர் சில்வஸ்டர் வேலைதான். பொறாமை. ஆய்வு மேஜையிலேயே தயிர்சாதம் சாப்பிடற ஆளு."

அவன் பிற்பாடுதான் தயிரைக் கலந்தான் என்றால், அவள் முதலில் கண்டவையாவது வானத்து உயிர்களாக மிஞ்சும். அவன் குற்றவாளியாக இருக்க வேண்டுமே என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள்.

"அவரப் புடிச்சு உலுக்குனாப் போதுமுங்க!" என்று துள்ளினான் மாரப்பனின் ஜீப் ஓட்டுநர் மனுவேல். துப்பறிவதில் எஜமானரைவிட அவனுக்குத்தான் அவசரம்.

"கல்லு உங்க கைக்கு எப்படி வந்துச்சுங்க?" என்றார் மாரப்பன்.

"தோட்டத்துக்காரம்மா காளியம்மாள் குடுத்தாங்க. புதுத் துணியில சுத்தி, ஓரத்துல மஞ்சள் வெச்சு."

மாரப்பன் எழுந்து சட்டையை மாட்டினார்.

கேத்தியில் காளியம்மாள் காரட் கழுவிக்கொண்டிருந்தாள். ஐவியைக் கண்டதும் ஓடி வந்தாள். "ஏனுங்க அம்மணி, அவரு சௌக்கியமா இருக்காருங்களா?"

"பாருங்க, சில்வஸ்டரக் கேக்கறாங்க! ரெண்டு பேருக்கும் பழக்கம்!" என்று கிசுகிசுத்தான் மனுவேல்.

"இல்லடா, கல்லைக் கேக்கறாங்க," என்றார் மாரப்பன். "வெறுங்கல்ல யாரும் அவருன்னு சொல்லமாட்டாங்க. அதுக்குப் புதுத் துணியும் மஞ்சளும் எதுக்கு? வானத்துல இருந்து வந்தவரு சாமி. சாமின்னா அபிஷேகமும் உண்டு. என்னம்மா ஊத்துனீங்க?"

"பாலு, தயிரு, எளநிங்க. அம்மணிகிட்டக் குடுக்கற வரைக்கும் தெனமும் ஊத்துனோமுங்க."

அப்படியானால் ஐவி முதன்முதலில் கண்டதே தயிர்க் கிருமிகளைத்தான். சில்வஸ்டர் பாவம், எதுவும் செய்யவில்லை. ஐவிக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது.

காளியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குள்ள உசுரு இருக்குன்னு கண்டுபுடிச்சீங்களாமே? எங்களுக்கு அது மொதல்லயே தெரியுமுங்க."

"ஆமாங்க," என்றாள் ஐவி. பிறகு மனுவேலைப் பார்த்து, அறிவிப்பை நிறுத்தச் சொல்லிப் பெங்களூருக்குப் போன் போட இங்கே எங்கே போக வேண்டும் என்று கேட்டாள்.