சாக்குக்கு அடியில் ஒரு ஆக்ஸில்

"ஏலே! நடு ரோட்டுல என்னலே கண்காட்சி வச்சிருக்க? வண்டிய ஓரங்கட்டு!"

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மேலப்பாளையம் கடைத்தெருவில் ஸ்கூட்டரில் நின்றபடி கோமதிசங்கர் கத்தினான். முன்னால் ஒரு பழைய ஜீப். என்ஜின் உறுமுகிறது... சக்கரம் மட்டும் அசையவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியது ஒரு பெண்.

"யாரைப் பார்த்து 'லே'ன்னு சொல்லுதிய?"

நனைந்த இமைகளுக்குக் கீழே இரண்டு பெரிய கண்கள். மழைத்துளி ஒன்று இமை நுனியில் தொங்கியது... விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. கோமதிசங்கருக்கு வாயில் வந்த வசவு எல்லாம் மறந்துபோயிற்று.

"இல்ல... ஆம்பளையாளு ஓட்டுதாருன்னு..."

"சரி, தள்ளுதியளா? இல்ல, இங்கனயே நின்னு கத்துதியளா?"

தள்ளினான். நாலு கடை தள்ளி இருந்தது அவனும் அசன் மைதீனும் கூட்டாக நடத்திய வண்டி ரிப்பேர்ப் பட்டறை.

அவள் பெயர் சித்ரலேகா. சேரன்மகாதேவியில் கால்நடை மருத்துவர். ஜீப் அவள் அப்பாவுடையது. அவர் இறந்துபோன பிறகு வீட்டுப் பின்னால் வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்ததை, மலையடிவாரத்து ஊர்களுக்குப் போக வேண்டும் என்று அவளே கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

கோமதிசங்கர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பின் சக்கரங்களைச் சுற்றும் ஆக்ஸில் ஒடிந்திருந்தது. ஸ்பிரிங் பட்டையில் இரண்டு முறிந்திருந்தன. தரைத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. திரும்பினால், பக்கத்தில் அவளும் மல்லாந்து படுத்திருந்தாள்!

"அய்யய்யோ, டாக்டரம்மா! கிரீஸ் அப்பிக்கிடும்..."

"மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கைய விடுதவ நான். கிரீஸுக்கா பயப்படுவேன்?"

சிரித்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு ஆஸ்பத்திரி முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவாள். துருவைச் சுரண்டுவாள். புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தால் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்ப்பாள். "பைய... பைய அடியுங்க, அப்பாவுக்கு வலிக்கும்" என்பாள். ஜீப்பைத்தான் அப்பா என்கிறாள் என்று புரிய அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போனது, குமரகுருபரன் வரும்வரை.

சென்னையில் பேங்க் அதிகாரி. அவளைப் பெண் பார்க்க வந்தவன். அவள் அம்மாவே அன்றைக்கு அவளுக்குத் துணையாக அனுப்பியிருந்தாள். மடிப்புக் கலையாத சட்டை, மூக்கைப் பொத்திய கைக்குட்டை. பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"லேகா, இந்த இரும்பை வச்சு என்ன செய்யப்போற? மெட்ராஸுக்கா கொண்டுவர முடியும்? வித்துடலாம்."

லேகாவாம்! கோமதிசங்கருக்குக் காதுக்குள் கொதித்தது. தான் இத்தனை நாளாக 'டாக்டரம்மா'வைத் தாண்டவில்லை. இவன் வந்த உடனே பெயரைப் பாதியாக வெட்டிவிட்டான்!

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டைக் கோமதிசங்கர் தரை வேலைக்காகக் கழற்றி வைத்திருந்தான். மாட்ட வேண்டிய நாள் வந்தபோது மாட்ட மனம் வரவில்லை. இதில் யார் உட்காருவான்? அந்தக் கைக்குட்டைக்காரன். கிடக்கட்டும்!

அடுத்ததாகச் செய்ததுதான் தப்பு. கோயம்புத்தூரிலிருந்து புது ஆக்ஸில் லாரியில் வந்து இறங்கியது. அதைப் பூட்டினால் வண்டி ஓடும். ஓடினால் அவள் போய்விடுவாள்... மெட்ராஸுக்கு. கோமதிசங்கர் அதைத் தூக்கிப் பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினான்.

"இன்னும் வரலியா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அங்கன ஸ்டாக் இல்லியாம்" என்றான். அசன் மைதீன் ஒருநாள் அவனைத் தனியே இழுத்தான்.

"என்ன வே, பொறாமையா?"

"போவே, வேலையப் பாரு."

கார்த்திகையில் ஒரு மத்தியானம். சித்ரலேகா பட்டறையில் இருந்தபோது பக்கத்துக் கடை போனில் அவளுக்கு அழைப்பு. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். பேசிவிட்டு வந்தவள் முகம் வெளுத்திருந்தது.

"மலையடியில கருத்தையா வீட்டு மாடு. ஈன முடியாம, கன்னு வயித்துல குறுக்க கிடக்காம். ஓடையில தண்ணி போவுது, காரெல்லாம் இறங்காது. இந்த வண்டி மட்டும் ஓடிச்சின்னா..."

கோமதிசங்கர் டயர்களுக்குப் பின்னால் போய்ச் சாக்கை இழுத்தான்.

"வந்து பத்து நாளாச்சு, டாக்டரம்மா. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

அவள் ஆக்ஸிலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் அப்படி ஒரு நெருப்பை அவன் பார்த்ததே இல்லை.

"இப்பப் பூட்டுங்க. சண்டையப் பொறவு போடுதேன்."

அசன் மைதீனோடு மூன்று பேருமாகச் சேர்ந்து பூட்டினார்கள். பெயிண்ட் அடிக்காமல், துருத்தடுப்புப் பூச்சின் சிவப்பு மேனியோடு ஜீப் மழையில் பாய்ந்தது. அவள் ஓட்டினாள். சீட் இல்லாத இடத்தில் ஜாக்கிப் பெட்டி மேல் அவன் குலுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடைத் தண்ணீர் தரைத் தகட்டை அறைந்தது. புது ஸ்பிரிங் பட்டைகள் முனகின. ஜீப் ஏறிக் கரை சேர்ந்தது.

தொழுவத்தில் அவன் அரிக்கேன் விளக்கைப் பிடித்தான். பிறகு கன்றின் காலில் அவள் கட்டிய கயிற்றைப் பிடித்தான். அவள் தோள் வரை கையை விட்டு, பல்லைக் கடித்து, கன்றை மெல்லத் திருப்பினாள். "இப்ப இழுங்க... பைய!" இழுத்தான். வழவழவென்று ஒரு கிடாரிக்கன்று வைக்கோலில் விழுந்தது. தாய் அதை நக்கத் தொடங்கியது. கருத்தையா அழுதேவிட்டார்.

திரும்பும்போது மழை தூறலாகியிருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் அவள் வண்டியை நிறுத்தினாள்.

"அந்த மாடு செத்திருந்தா, உங்க முகத்துல முழிச்சிருக்க மாட்டேன். தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் ஒளிச்சு வச்சிய?"

"வண்டி ஓடினா நீங்க போயிருவிய... அவரு கூட. இந்தப் பக்கத்துச் சீட்டுல அவரு உக்காருவாருன்னு நெனைச்சாலே கை ஓடல. அதான் அதையும் மாட்டல. பட்டறைக்காரனுக்கு இந்த ஆசை அதிகந்தான்... ஆனா இருக்கு. உங்க மேல உசிரா இருக்கேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவருகிட்ட முடியாதுன்னு போன வாரமே சொல்லிட்டேன். அம்மா இன்னும் பேசல என்கிட்ட."

நிமிர்ந்தான். "என்கிட்டச் சொல்லலியே?"

"நீங்க கேட்டியளா? ஒரு வார்த்தை கேட்கப்பிடாதா? ஆக்ஸிலை ஒளிக்கத் தெரியுது!" அவள் குரல் உடைந்தது. கண்ணீரா, மழையா... கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். "என்னத்துக்கு முடியாதுன்னு சொன்னேன்னு நெனைக்கிய? உங்களுக்காகத்தான்."

கோமதிசங்கர் ஜாக்கிப் பெட்டியை அவள் பக்கம் ஒரு சாண் நகர்த்திப் போட்டான்.

"ஆனா ஒண்ணு. இனி என்கிட்டப் பொய் சொன்னியன்னா..."

"சொல்ல மாட்டேன்."

"கோவம் வந்தா நேரா சொல்லணும். பொறாமை வந்தாலும்."

"அது தெனமும் வரும், டாக்டரம்மா."

"தெனமும் சொல்லுங்க," என்றாள் சித்ரலேகா.