தந்தியில் வந்த ஐந்து

"நூத்துக்கு அஞ்சு. அதுவும் எல்லாப் பாடத்துலயும்..." சௌந்தரபாண்டியன் காபித் தம்ளரைத் தள்ளி வைத்தார். மூன்று நாளாக அருப்புக்கோட்டைக் கடைத்தெருவிலுள்ள தன் பலசரக்குக் கடைக்கும் அவர் போகவில்லை. ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் மகன் ராம்குமார் அடித்த தந்தியில் இரண்டே வரி. எல்லாப் பாடத்திலும் ஐந்து. வெள்ளிக்கிழமை வருகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை.

அவருடைய அக்கா குருவம்மாளுக்குப் பழிபோட ஆள் தயாராக இருந்தது. "எல்லாம் ஒம் பொஞ்சாதியாலதான். மொத மார்க்கு வாங்கணும்னு நாம அத்தன பேரும் கேசட்டுல பேசிக் குடுத்தோம். மகராசி அத அழிச்சிட்டு, 'தோத்தாலும் வந்துருய்யா'ன்னு தான் மட்டும் பேசி அனுப்பியிருக்கா. கேட்டா ஆமாங்குறா. பெத்தவளா இவ?"

அவர் மனைவி பிச்சையம்மாள் குனிந்து தம்ளரை எடுத்தாள். கேசட் போவதற்கு முன்பே, பாலவனத்தத்தில் இருக்கும் அவள் தம்பி முகவரிக்கு மகன் அவளுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். முதல் பரீட்சையில் தோற்றுவிட்டானாம். வாத்தியார் நேருக்கு நேர் உட்கார்ந்து ரஷ்ய மொழியில் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். செத்துவிடலாம் போலிருக்கிறது, அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று முடித்திருந்தான். சொன்னால் அவள் மேல் விழுந்த பழி நீங்கும், பிள்ளை தலை குனியும். பழி தன்னோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அவன வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன்," என்றார் கணவர்.

"அப்ப நானும் அவன்கூடப் போறேங்க. அஞ்சு வாங்குனாலும் எம்புள்ள உசுரோட வாரான்ல..."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எதிர்த்துப் பேசியது அன்றுதான்.

பதினொரு மணிக்கு மதுரை பஸ்ஸில் வந்து இறங்கிய ராம்குமாரை அம்மாவைத் தவிர யாரும் வா என்று சொல்லவில்லை. "ஏன் எழவு வீடு மாதிரி இருக்கீக? தந்தி வரலையா?"

"வந்துச்சுப்பா. நூத்துக்கு அஞ்சு," என்றாள் குருவம்மாள்.

அவன் சிரித்துவிட்டான். "அத்தை, அங்க மார்க்கே அஞ்சுக்குத்தான். அதுக்கு மேல அவுககிட்ட மார்க்கு கெடையாது. வெளிநாட்டுப் புள்ளைக நாப்பது பேருல எல்லாத்துலயும் அஞ்சு வாங்குனது நான் ஒருத்தன்தான்."

பிறகு அம்மாவின் காலைத் தொட்டான். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். "மொதத் தடவ தோத்துட்டேம்ப்பா. மறுபரீட்ச நெருங்குனப்ப ஹாஸ்டல் மொட்டமாடி வரைக்கும் போயிட்டேன்... மறுநாள்தான் அம்மா பேசுன கேசட்டு வந்துச்சு. தோத்தாலும் வீடு இருக்குன்னு தெரிஞ்சதும் பயம் போயிருச்சு. பயம் போனதும் படிப்பு ஏறிருச்சு."

குருவம்மாளுக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிட்டது.

சௌந்தரபாண்டியன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். "எங்கய்யா செத்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. மறுநாளே கடையில ஒக்கார வச்சாக. தோத்தாலும் பரவால்லன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்ல, பிச்சை..."

"இப்ப நான் சொல்றேன்ல," என்றாள் அவள்.

மகனும், அடுப்படி வாசலில் நின்ற அக்காவும் பார்த்திருக்க, அவர் அவள் தோளில் சாய்ந்து அழுதார்.