சக்கரத்துக்கு வைத்த கல்

கார் சமையலறை ஜன்னலுக்குக் கிட்டே வந்திருந்தது. நேற்று நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் இருக்கும். ஷாகிதா பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தாள். நூம்பலில் அவர்கள் வீட்டு முன்வாசல் கேட்டைப் பார்த்துச் சரியும். தண்ணீர் ஊற்றினால் தெருவுக்குத்தான் ஓடும். வண்டி உருண்டாலும் அந்தப் பக்கம்தான் உருள வேண்டும். இதுவோ மேடேறி, வீட்டைப் பார்த்து வந்திருந்தது.

"நீங்க தள்ளுனீங்களா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"ஒத்த ஆளா? நான் இன்னா பயில்வானா?" என்றான் முஜீப். சிரிக்கவில்லை.

அது பழைய அம்பாசடர். முஜீபும் அவன் சிநேகிதன் வினோத்தும் சிறுவயதில் பூந்தமல்லித் தியேட்டரில் பார்த்த ஒரு படத்தில் வில்லன் ஓட்டும் கறுப்புக் காராக அதை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் தகரம் வெட்டி, பட்டி பூசி, போனில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பின்பக்கத்து வளைவை அளந்தார்கள். "ஹீரோயின உடு மாமே, அந்தப் படத்துல காருதான் நல்லா நடிச்சிக்கீது" என்பான் வினோத்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் நுழையும்போதெல்லாம் அவன் குரல் கொடுப்பான்: "அண்ணி, கல்லு கீதா?" வண்டி உருளாமலிருக்கப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கருங்கல். யார் பக்கத்தில் இருந்தாலும் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம்.

வினோத்தின் கடைசி ஞாயிறன்று அவள் அடுப்படியிலிருந்தே, திரும்பிப் பார்க்காமல், "இருக்கு" என்றாள். கல் தண்ணீர் டிரம்மின் மூடிமேல் இருந்தது. மூடி காற்றில் பறக்கிறதென்று காலையில் அவளேதான் எடுத்து வைத்திருந்தாள்.

சத்தம் கேட்டு ஓடியவள் கத்தவில்லை. முதலில் கல்லைத் தூக்கிப் போய்ச் சக்கரத்தருகே போட்டாள். அதுவரை வினோத்தின் விரல்கள் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. பிறகுதான் கத்தினாள்.

"ஹேண்ட் பிரேக் வயர நான்தானே மாட்டுனேன்" என்று முஜீப் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அந்த முதுகு லேசாகிவிடும் என்று தெரிந்தே தடவினாள்.

இப்போது அவன் வண்டியை முடித்தே தீருவதென்றிருந்தான். வினோத் ஆசைப்பட்ட வண்டி.

கார் ஜன்னலுக்குக் கிட்டே வந்த அன்று சாயங்காலம் மழை மூடிக்கொண்டு வந்தது, கரண்ட் போனது, சென்னீர்குப்பம் பக்கமிருந்து லாரிகளின் ஹாரன் ஈரக்காற்றில் இழுபட்டு வந்து தேய, பட்டியும் கிரீஸும் கலந்த வாடைக்கு அடியில், கழுவிக் கழுவியும் போகாத இன்னொரு வாடை சிமெண்டுத் தரையிலிருந்து மெல்ல எழுந்து அவள் புடவைத் தலைப்பில் ஏறியது. முஜீப் டார்ச்சோடு வண்டியின் அடியில் இருந்தான். கால்கள் மட்டும் பக்கவாட்டில் நீட்டியிருந்தன.

ஷாகிதா வெளியே வந்தாள். குனிந்து கல்லை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது.

"அண்ணி, கல்லு கீதா?"

முஜீபின் குரல். அவன் அவளை ஷாகி என்றுதான் கூப்பிடுவான்.

"விளையாடாதீங்க."

டார்ச் அணைந்தது.

"கல்லு கீதா?"

"இருக்கு" என்றாள். இந்த முறை பொய் இல்லை. அவள் கை அதன்மேல்தான் இருந்தது.

ஓட்டில் முதல் துளி விழுந்தது.

"அன்னிக்கு?"

அவள் நிமிர்ந்தாள். ஜாக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். விரற்கடை விரற்கடையாக.

சொல்லிவிட்டால் நின்றுவிடும். எப்படியோ அது அவளுக்குத் தெரிந்தது. நான்தான் எடுத்தேன். அவ்வளவுதான். தொண்டைவரை வந்தது. உதடு பிரிந்தது.

"இருந்துச்சு" என்றாள்.

வண்டி மாடு படுப்பதுபோல நிதானமாகத் தரையில் அமர்ந்தது. அலறல் இல்லை. கதவுக்குக் கீழே முஜீபின் கால்கள் அப்படியே நீட்டியிருந்தன. அவற்றை ஒட்டி இன்னொரு ஜோடி. நான்கு பாதங்களும், ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல, ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன.