நேரே வீட்டுக்கு வந்தோம்

நாங்கள் வீடு திரும்பியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வீடு என்று சொல்வது பெருமைக்குத்தான். நாலு சுவர், பாதிக் கூரை, மீதிக்கு நிவாரணக்காரர்கள் கொடுத்த நீலத் தார்ப்பாய். ஆனாலும் சமார் தீவின் கரையில் எங்கள் ஊரில் நின்றுகொண்டிருந்த ஒரே வீடு அது. மேட்டில் இருந்ததால் தப்பியது. பக்கத்திலிருந்த சேவல்கட்டுக் களமும் தப்பியது.

அதுதான் எனக்கு எரிச்சல். களத்தில் சேவல்களுக்குக் காவல் கிடந்த நான் பிழைத்தேன். புயலுக்குப் பயந்து மாதா கோவிலுக்குள் முழங்காலிட்டிருந்தவர்கள்மேல் கடல் ஏறி வந்தது. அங்கே ஜெபமாலை சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி வெனெரந்தா. ஊரில் சாவு விழுந்தால் ஒன்பது நாள் ஜெபத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். கோவில் மேல்மாடத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கி அவள் பிழைத்தாள். எங்கள் மகன் ஜெர்வினைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

நாங்கள் வீடு திரும்பிய அன்றைக்குக் கோவிலை ஒட்டித் தோண்டிய குழியில் பிள்ளைகளைப் புதைத்தார்கள். எந்த ஊரிலிருந்து அடித்து வரப்பட்டார்களோ, யாருக்கும் பெயர் தெரியவில்லை. ஜெர்வின் இருக்கிறானா என்று பார்க்கப் போயிருந்தோம். வெனெரந்தா தன் முக்காட்டுத் துணியால் ஒவ்வொரு முகமாகச் சேற்றைத் துடைத்துப் பார்த்தாள். அவன் இல்லை.

சாவு கண்டுவிட்டு எங்கள் பக்கத்தில் யாரும் நேரே வீட்டுக்கு வர மாட்டோம். வழியில் ஒரு கடையிலோ சிநேகிதர் வீட்டிலோ கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஏதாவது குடித்துவிட்டுத்தான் வருவோம். செத்தவர்கள் கூடவே வந்தால் அங்கேயே வழி தவறி நின்றுவிடுவார்கள்.

"எங்கயாச்சும் நின்னுட்டுப் போலாம், வெனெ," என்றேன்.

"எங்க நிக்கிறது?" என்றாள்.

கடை இல்லை, வீடு இல்லை, சாய்ந்து நிற்க ஒரு மரம்கூட இல்லை. கடலிலிருந்து எங்கள் வாசல்வரை ஒரே சேறு. நேரே வந்துவிட்டோம்.

அன்று மாலை அவள் ஜெர்வினுக்கென்று தனியாக ஒரு தட்டில் சோறும் டப்பா மத்தியும் வைத்தாள்.

"செத்தவங்களுக்குப் படைக்கிற மாதிரி இருக்குடி."

"வாயக் கழுவு. எம்புள்ள பசியோட வருவான்."

ஜெபத்தை ஆரம்பி என்று ஊரார் வந்து சொன்னதற்கும் அவள் மசியவில்லை. "அன்னைக்குத் தொண்ட கிழியக் கத்துனேனே, ஆண்டவரு கேட்டாரா?" என்று திருப்பிக் கேட்டாள். புனிதர் படம் போட்ட காலண்டர் அட்டையால் அடுப்பை விசிறினாள். எனக்கே பகீரென்றது.

சற்று நேரத்தில் தட்டு காலி.

நாயாக இருக்கும் என்றேன். ஊரில் ஒரு நாய்கூட மிஞ்சவில்லை என்பது எனக்கும் தெரியும்.

மறுநாளும் காலி. வாசலிலிருந்து தட்டுவரை சின்னக் கால்தடம், ஈரச் சேறாக.

திரும்பிப் போன தடம் இல்லை.

வெனெரந்தா அதைத் துடைக்க விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். கல்யாணமான நாள்முதல் அவள் சிரிப்பைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

பட்டப்பகலில் நாற்றம் வந்தது. உப்பும் அழுகலும் கலந்த சேற்று நாற்றம். காற்றே இல்லாதபோது தார்ப்பாய் படபடத்தது. நான் களத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

பிறகு ஒரு மத்தியானம் ஜெர்வின் வந்தான்.

உயிரோடு.

கையில் கட்டுப் போட்டிருந்தது. பக்கத்துத் தீவு மீனவன் ஒருவன் படகில் கூட்டி வந்தான். "கதவுப் பலகை மேல மொதந்துக்கிட்டு வந்தான், அண்ணே. ஆஸ்பத்திரியில இத்தன நாளா ஒங்க பேரச் சொல்லியே உசிர வாங்கிட்டான்!" என்றான். வெனெரந்தா பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அழுது முடித்தபோதுதான் உறைத்தது. பிள்ளைமேல் மருந்து வாசனை. சேற்று நாற்றம் அடுப்பு மூலையிலிருந்து வந்தது.

அப்படியானால் இத்தனை நாள் சாப்பிட்டது யார்?

பொழுது சாயும் நேரம். வெனெரந்தா அவன் தட்டில் சோறு போட்டாள். ஜெர்வின் கை வைக்கவில்லை.

"அம்மா," என்றான் மெதுவாக, "அந்தப் பொண்ணு எதுக்கு என் தட்டுல சாப்பிடுது?"

"எந்தப் பொண்ணு?"

"ஒன் பாவாடைய ஒரு கையால புடிச்சிக்கிட்டு நிக்குதே."

வெனெரந்தா குனியவில்லை. அவள் பாவாடை ஒரு பக்கம் மட்டும் கீழே இழுபட்டு, விளிம்பு நனைந்திருந்தது.

"ஜெபம் சொல்லு, வெனெ." சேவலைத் தவிர எதையும் நம்பாத நான் கெஞ்சினேன். "அனுப்பிவிட்டுடு. திரும்பி வந்த புள்ளையயும் பறிகுடுக்கணுமா?"

"யாருகிட்டச் சொல்றது? எம்புள்ளயத் திருப்பிக் குடுத்தாரு, சரி. குழியில கெடந்ததுங்களுக்கு மட்டும் அம்மா இல்லையா? அவளுங்க கேக்கலையா? எவ ஜெபத்துல என்ன கொறச்சல்னு எனக்குச் சொல்லு பாப்போம்!"

நானே தொடங்கினேன். "அருள் நிறைந்த மரியே..." பாதியில் மறந்துபோயிற்று.

மறுபாதியை யாரோ சொன்னார்கள்.

அடுப்பு மூலையிலிருந்து. சின்னக் குரல்.

ஜன்னலோரம் இன்னொன்று சேர்ந்துகொண்டது. தரை மூங்கிலுக்கு அடியில் ஒன்று. தார்ப்பாய்க்கு மேலே ஒன்று. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இழுத்து இழுத்து, ஒரே ராகத்தில்.

குழியில் கிடந்த அத்தனை பேரும்.

நான் பிள்ளையைத் தூக்கப் பாய்ந்தேன். "கெளம்பு, ஓடிடலாம்!"

"ஓடுனா மட்டும் விட்டுடுமா?" வெனெரந்தா பெரிய பானையை எடுத்து அடுப்பில் ஏற்றினாள். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. "மூஞ்சியத் தொடச்சுவிட்டவ நான். அம்மான்னு நெனச்சு வந்துருக்குதுங்க. அவருதான் கைவிட்டாரு. நானுமா வெரட்டுறது?"

அரிசியை அள்ளி அள்ளிப் போட்டாள்.

ஜெர்வின் என் கையை உதறிவிட்டுப் பாயில் போய்ப் படுத்தான். கொஞ்சம் தள்ளிப் படுத்தான். இன்னும் கொஞ்சம் தள்ளினான். முதுகு சுவரில் முட்டியது.

"அப்பா," என்றான், "இன்னும் தள்ளச் சொல்றாங்க."