உரசி எடுத்த முகம்

வீட்டுச் சாவியின் தலையில் பொறித்திருந்த எண்ணைக் காணோம். விரலால் தடவிப் பார்த்தாள். கூழாங்கல் போல வழுவழுத்தது. முந்தின சாயங்காலம்தான் அதன்மேல் மெல்லிய தாளைப் போர்த்தி, தடித்த பென்சிலைச் சாய்த்துப் பிடித்து உரசினாள். மூடுபனிக்குள்ளிருந்து வருவது போல எண் தாளில் எழும்பி வர, அவளும் மகள் குட்டியும் கைதட்டிச் சிரித்தார்கள். தாளில் எண் இன்னும் இருந்தது. சாவியில்தான் இல்லை.

தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எதையும் முதலில் தன் கண்ணின் கோளாறாகவே எடுத்துக்கொள்வது அவள் சுபாவம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து வந்த புத்தியோ என்னவோ.

சாவியோடு விட்டிருக்கலாம். ஆனால் மாலை நேர ஓவிய வகுப்பில், அவள் வரைந்த முகங்களைப் பார்த்து இருமுவதோடு நிறுத்திக்கொள்ளும் மாஸ்டர், அந்த உரசல் தாளைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "எங்கேம்மா பிடிச்சே இதை? தொட்டா குத்தும் போலிருக்கே!" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்திருந்தாள்.

தொட்டிச் செடியின் இலை, பிரம்பு நாற்காலி, குட்டியின் செருப்பு அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாக உரசினாள். ஈர மரமும் பென்சில் கரியும் கலந்த வாசனை வீடெங்கும் தங்கியது. மறுநாள் இலையில் நரம்பில்லை. நாற்காலியில் பின்னல் இல்லை. மெழுகு பூசிய பலகை மாதிரி ஒரே பரப்பு.

"படம் போடத் தெரியாதவ பென்சிலைத் தேய்ச்சாளாம்!" சோபாவில் கிடந்தபடி வீட்டுக்காரர் கத்தினார். சாதாரணமாகப் பேசவே அவருக்குத் தெரியாது. "ஓவியரம்மா, காபி இந்த ஜென்மத்துல வருமா?"

"இதோங்க."

அடுப்படியில் நின்று தன் கட்டைவிரலை உரசிப் பார்த்தாள். ரேகைச் சுழிகள் தாளில் ஏறின. விரலில் ஒரு கோடும் மிச்சமில்லை. ஊசியால் குத்தினாள். வலிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, தாளில் இருந்த ரேகையைக் குத்தினாள்.

வீறிட்டுவிட்டாள்.

அன்றே எல்லாத் தாள்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். எரிக்கத் துணிச்சல் வரவில்லை. எரிந்தால் வலிக்கப்போவது அவளுக்குத்தானே. குட்டியைக் கூப்பிட்டு, "இனிமே இந்த விளையாட்டு வேண்டாம், என்ன?" என்றாள்.

"ஏம்மா?"

காரணம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் குழந்தை பயந்துவிடும் என்று, "கையெல்லாம் கரியாகுதில்ல" என்றாள்.

விடுமுறை நாள். மதியச் சாப்பாடு முடிந்து மழை பிடித்திருந்தது. கூரைத் தகரத்தில் அது இடைவிடாமல் கொட்ட, அவள் பின்கட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சோபாவிலிருந்து வரும் குறட்டை மழையையும் மீறிக் கேட்டது. பிறகு ஒரு அலறல். எப்போதும் போடும் கூச்சல்தானே என்று அடுத்த துணியை எடுத்தாள்.

அலறல் பாதியில் நின்றது.

மழை மட்டும்.

அதனடியில் இன்னொரு சத்தம். சர். சர். சர். ஏதோ தேய்க்கும் சத்தம்.

கூடத்துக்கு வந்தாள். குட்டி தரையில் குப்புறப் படுத்திருந்தாள். கையில் கரி இல்லை. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். முன்னால் ஒரு தாள். கண்ணாடிகளைச் சுற்றித் தரும் மெல்லிய தாள், கடையிலிருந்து அவளே கொண்டுவந்தது.

"கை கழுவிட்டேம்மா" என்றாள் குட்டி.

தாளில் அவர் முகம். புருவம், மூக்கு, மூடாத இரண்டு கண்கள். வாய் இருக்க வேண்டிய இடம் அழுக்கு வெள்ளை.

"முடிச்சதும் தாளுக்குள்ள கத்த ஆரம்பிச்சுட்டார். காது வலிச்சுது. அதான் ரப்பரால அழிச்சுட்டேன்."

சோபாவைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. சட்டைக் காலருக்கு மேலே ஒரு முட்டை. இரண்டு கைகளும் அதன்மேல் எங்காவது ஒரு துளை கிடைக்குமா என்று துழாவிக்கொண்டிருந்தன. கால்கள் சோபாவை உதைத்தன.

மூச்சு. அவருக்கு மூச்சு வேண்டும்.

பென்சிலைப் பிடுங்கினாள். வாய் வரைய அவளுக்கு வந்ததே இல்லை. தாளில் இருந்த கண்கள் பென்சில் முனையையே பார்த்தன. ஒரு கோடு. கோணல். இன்னொன்று. அழுத்தம் அதிகமாகி, கன்னம் தாண்டிக் காதுவரை இழுத்துக்கொண்டு போனது.

அது திறந்தது.

தாள் உப்பியது. சுருங்கியது. உப்பியது. அந்தக் கோணல் பிளவிலிருந்து வந்த ஓலத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சோபாவில் கால்கள் அடங்கிவிட்டன. கைகள் இரண்டும் மடியில் விழுந்தன.

தாள் மட்டும் மூச்சு வாங்கியது. கத்தியது. மூச்சு வாங்கியது. கத்தியது.

"அம்மா, மறுபடியும் கத்துறாரும்மா."

குட்டி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் ரப்பரை நீட்டினாள்.