கல்தான், பயப்படாதீங்க

"கல்தான். வலைவழி போதும்" என்றது வழித்தேர்வி இயந்திரம்.

மஞ்சள் பூத்த கண்களோடு படுக்கையில் கிடந்த டாக்டர் மணிமொழிக்குக் கோபம் தலைக்கேறியது. "கல்லா? கண்ணு அவிஞ்சா போச்சு இதுக்கு?"

பித்தக்குழாய் அடைத்துக்கொண்டால் எப்படி உள்ளே போவது என்று இப்போதெல்லாம் மருத்துவர்கள் முடிவு செய்வதில்லை. வழித்தேர்விதான் சொல்லும். வலைவழி என்றால் வாய்வழியே குழாயை இறக்கி, சின்ன வலையால் கல்லை வாரிக்கொண்டு வந்துவிடுவது. விழிவழி என்றால் நூல் போன்ற கேமராவைப் பித்தக்குழாய்க்குள்ளேயே செலுத்தி, நேரில் பார்த்து, சதையைக் கிள்ளிச் சோதிப்பது.

மணிமொழி ஆயுசு முழுக்க இந்த வேலையே பார்த்தவர். வலியில்லாத மஞ்சள் காமாலை, கரைந்த உடம்பு, ஸ்கேனில் நெரிபட்டுக் கிடக்கும் குழாய். இது கல் இல்லை, புற்றுநோய். இப்போதே கிள்ளிப் பார்த்தால் வெட்டியெடுத்துப் பிழைக்கலாம். இல்லாத கல்லுக்கு வலை வீசிக்கொண்டிருந்தால் புற்று கல்லீரலுக்கு ஏறிவிடும்.

"இந்த மாதிரி படத்தைக் கல்லுன்னு இதுக்கு எவன் சொல்லிக்குடுத்தான்?" என்று, தன்னிடமே தொழில் கற்ற டாக்டர் ஜெபசிங்கைப் பிடித்துக்கொண்டார்.

ஜெபசிங் தயங்கினார். "நாமதான் மேடம். 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, தாங்க மாட்டாரு'ன்னு பிள்ளைங்க கும்பிடுவாங்க. ரிப்போர்ட் நோயாளி செல்போனுக்கும் போகுதேன்னு நாம கல்லுன்னே போட்டுருவோம். அதிகம் போட்டது நீங்கதான். அதையெல்லாம் படிச்சுதான் இது வளந்துச்சு."

மணிமொழிக்குக் கோபம் இரட்டிப்பாக எரிந்தது. விரலில் மாட்டியிருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

"நாம பாவம் பாத்து ஒரு பொய் சொன்னா, இந்தத் தகர டப்பா அதை வேதவாக்கா எடுத்துக்குமா? ஆஃப் பண்ணு அதை! விழிவழியா நீயே கையால பண்ணு. இல்லேன்னா என்னைத் தொடாதே!"

ஜெபசிங் வழித்தேர்வியை அணைத்தார். கையாலேயே செய்தார்.

மயக்கம் தெளிந்தபோது கணவர் அறவாழி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. "கல்லுதான் மணி. சின்னதா ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா சரியாப் போயிடுமாம்."

"ஆமா மேடம், கல்தான். பயப்படாதீங்க" என்றார் கால்மாட்டில் நின்ற ஜெபசிங்.

இயந்திரத்தை அணைத்தும் பேச்சு மாறவில்லை. மணிமொழி முழங்கையை ஊன்றி எழுந்து, உள்ளங்கையை இருவர் முன்னாலும் நீட்டினார்.

"அடப்பாவிங்களா, கல்லுன்னா எடுத்த கல்லைக் காட்டுங்க!"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.