சுவரைப் பார்த்த இலைகள்

“கொடியைப் பார்த்துக்கறது நீதானே?”

“ஆமாங்க.”

“நேத்து தண்ணி ஊத்தினியா?”

“இல்லீங்க. மூணு நாளாத் தொடலீங்க.”

“ஏன்?”

அவள் தலை முழுகிய ஈரக் கூந்தலை முடிந்துகொண்டாள்.

“மூணு நாளும் எங்கே இருந்தே?”

“களத்துல கடலை காய வெச்சுட்டிருந்தேனுங்க. ஊட்டுக்குள்ளாற வல்லீங்க.”

“ஏன் வரலை? அதைச் சொல்லும்மா.”

சென்னம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். சப்-இன்ஸ்பெக்டர் மருதாசலம் அந்த மௌனத்தைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: ‘பதில் சொல்ல மறுக்கிறாள்.’

1936, தை மாதத்து வியாழக்கிழமை. காலை எட்டரை மணி. திருச்செங்கோட்டுக்கு மேற்கே, சண்முகவேல் கவுண்டர் வீட்டுக் கூடம். ஓமலூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படவென்று ஏழு மணிக்கு அவர் இரும்புப் பெட்டியைத் திறந்திருக்கிறார். காசுமாலையைக் காணோம்.

பெட்டிச் சாவி கூடத்து ஜன்னலோரம், சுவர் மாடத்தில் இருந்த பித்தளைத் தொட்டிக்கு அடியில் இருக்கும். தொட்டியில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை கொடுத்த கொடி. மஞ்சள் கோடு விழுந்த இலைகளோடு மாடத்திலிருந்து தரைவரை தொங்கியது. சாவி இருக்கும் இடம் கவுண்டருக்கும், மனைவி தெய்வநாயகிக்கும், வீட்டு வேலைகளோடு கொடியையும் பார்த்துக்கொண்ட சென்னம்மாளுக்கும் மட்டுமே தெரியும்.

“அடுப்படியில எங்கூட உக்காந்து சோறு திங்கறவ, சாமி. எனக்குத் தூரத்துச் சொந்தம் வேற,” என்றாள் தெய்வநாயகி. “நேத்துக் காலையில அவ தொட்டியைத் தூக்கித் தண்ணி ஊத்தினதை என் கண்ணால பார்த்தேன்.”

மருதாசலம் தொட்டியைத் தூக்கினார். மண் சேறாக இருந்தது. சாவி சுற்றியிருந்த துணியும் ஈரம். கண்ணால் கண்ட சாட்சி, ஈரத் துணி, வாய் திறக்காத பெண். அவருக்குப் போதுமாக இருந்தது.

ஒன்பதேகாலுக்குக் கான்ஸ்டபிள் சென்றாயன் அவளைச் சந்தை வழியாக ஊர்ச் சாவடிக்கு அழைத்துப் போனான். அன்று சந்தை நாள். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மணி பதினொன்று. சம்பவ இடத்து விவரங்களை மகஜராக எழுத மருதாசலம் மறுபடி கூடத்தில் உட்கார்ந்தார். சாவடியைப் பூட்டிவிட்டு வந்த சென்றாயன் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

“சென்றாயா, இந்த இலையெல்லாம் எந்தப் பக்கம் பார்க்குது?”

“சுவத்தைப் பார்க்குதுங்க.” அவன் சிரித்தான். “கொடிகிட்டயும் வாக்குமூலம் வாங்கப் போறீங்களாங்க?”

“வெளிச்சம் ஜன்னல் பக்கம் இருக்கு. இலை ஏன் சுவத்தைப் பார்க்கோணும்?”

சென்றாயன் சிரிப்பை நிறுத்தினான்.

யாரோ தொட்டியைத் தூக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தைத் தேடி இலை திரும்ப நாலைந்து நாள் பிடிக்கும். இன்னும் திரும்பவில்லை என்றால், இது நேற்றோ முந்தாநாளோ நடந்த காரியம். காலையில் கவுண்டர் சொன்னபடி, விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டும் ஒரு கை நீர் தெளிக்கிறவள், இலைகளை ஈரத் துணியால் துடைத்து வளர்க்கிறவள், இப்படிச் சேறாக்கி முதுகு காட்டி வைப்பாளா?

கை கழுவக் கொல்லைப்புறம் போனார். தொழுவத்துத் தூணோரம் ஒரு தட்டும் குவளையும் தனியே கவிழ்த்துக் கிடந்தன. காலையில் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதே அவற்றைப் பார்த்திருந்தார். பண்ணை ஆள்காரனுடையது என்று நினைத்திருந்தார். பக்கத்தில் சுருட்டிய பாயும் ஒரு சேலையும் இப்போதுதான் கண்ணில் பட்டன.

அடுப்படியில் தெய்வநாயகியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்குத் தொழுவத்தில் எதற்குத் தட்டு?

குவளையை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். அவர் வீட்டிலும் மாதத்தில் மூன்று நாள் துளசிக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றுவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவேண்டி இருந்ததில்லை. ஆனால் இன்று, ஆண்கள் நின்ற கூடத்தில், ஒரு பெண்ணிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். குவளையைத் தொடாமலே நிமிர்ந்தார்.

பதினொன்றரை. கவுண்டர் களத்துக்குப் போயிருந்தார். தெய்வநாயகி மட்டும் கூடத்தில் நின்றாள். சென்றாயனை மருதாசலம் வெளியே அனுப்பினார்.

“அம்மிணி, தொழுவத்துல இருக்கற தட்டுல சோறு போட்டது யாரு?”

“நாந்தேன்.” சொன்ன பிறகுதான் அவள் கை கதவைப் பிடித்தது.

“அப்போ சென்னம்மாள் இந்த மூணு நாளும்...” அவருக்கும் சொல் எளிதில் வரவில்லை. “தூரமா இருந்தவளைக் கொடியைத் தொட விடுவீங்களா? அடுப்படிக்கே விடாதவங்க கூடத்துக்குள்ள விட்டு, தண்ணி ஊத்தறதைப் பார்த்துட்டு நின்னீங்களா? மாலையை எடுத்தது நீங்க.”

அவள் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

மகள் சௌந்திரம் தன் விருப்பப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு ஆத்தூருக்குப் போனவள். அவள் பெயரைச் சொல்லவே வீட்டில் அனுமதி இல்லை. இப்போது ஏழு மாதம். வளைகாப்புக்குப் போகமுடியாத தாய் செவ்வாய்க்கிழமை வளையல்காரியிடம் மாலையைக் கொடுத்தனுப்பினாள். அவசரத்தில் தொட்டி சாய்ந்து மண் கொட்டியது. அள்ளிப் போட்டு, மண் அமர ஒரு சொம்பு நீர் ஊற்றினாள்.

“அவளை ஏன் சொன்னீங்க?”

“அவ காரணத்தை வாய் விட்டுச் சொல்லமாட்டான்னு தெரியுங்க.” முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். “ஆம்பளைங்க முன்னால எப்படிச் சொல்லுவா?”

மருதாசலம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, காலையில் எழுதிய வரியை அடித்தார். சென்னம்மாளின் வெட்கத்தைத் தெய்வநாயகி தெரிந்து பயன்படுத்தினாள், அவர் தெரியாமல்.

பன்னிரண்டு மணி. சாவடிக் கதவை அவரே திறந்தார். உள்ளே சென்னம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“நீ எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சும்மா. தப்பு என்னுது. ஊட்டுக்குப் போ.”

அவள் எழுந்தாள், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. வெளியே சந்தை இரைந்துகொண்டிருந்தது.

“எப்படிங்க தெரிஞ்சுது?”

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பார்வையைத் தாழ்த்தினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானை மறுபடி வாய்க்குப் போனது. பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஏனுங்க, நீங்களும் எங்கூட வாரீங்களா? சந்தைக்கு நடுவுல நின்னு, நான் எடுக்கலைன்னு சத்தமாச் சொல்லோணுங்க. எதை வெச்சுக் கண்டுபுடிச்சீங்கன்னு யாராச்சும் கேட்டா, அதை மட்டும் சொல்லாம இருப்பீங்களா?”